நாலோக்சோன் போட்டு ஆள் எழுந்துவிட்டால் நர்சின் வேலை முடிந்ததா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருப்பது இது: "ஓபியாய்டு மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு வரும் நோயாளிக்குப் பல துறையினரும் சேர்ந்து தரும் பராமரிப்பைப் பற்றி கேஸ் ஸ்டடி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாலோக்சோன் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்புறம் நர்சுக்கு அங்கே என்ன வேலை? இத்தனை துறைகள் எதற்கு?"

ஓபியாய்டு என்பது ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்து. அது மூச்சை அடக்குவதை முறிக்கும் மருந்துதான் நாலோக்சோன். அதைப் போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அந்த மருந்து உடம்பில் வேலை செய்வது ஏறக்குறைய 30 முதல் 90 நிமிடம் வரை. நோயாளி விழுங்கிய அல்லது ஊசியில் ஏற்றிய மருந்து பெரும்பாலும் அதைவிட அதிக நேரம் நிற்கும். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர் ஒரு மணி நேரம் கழித்து யாரும் பார்க்காதபோது மறுபடி மூச்சு குறைந்து போய்விடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ட்யூட்டி டாக்டர் அடுத்த விபத்து கேசுக்குப் போயிருப்பார், மயக்க மருந்து டாக்டர் தியேட்டரில் இருப்பார். கட்டிலருகே இருப்பது நீங்கள்தான். மற்ற துறையினரை எப்போது, எதற்காகக் கூப்பிடுவது என்பதெல்லாம் நீங்கள் பார்த்ததிலும் குறித்து வைத்ததிலும் இருந்துதான் கிளம்புகிறது. இந்தக் கோணத்தில் எழுதினால் உங்கள் கேஸ் ஸ்டடி தானாகவே வடிவத்துக்கு வந்துவிடும்.

பாலக்காடு மாவட்டத்தில் கேஷுவாலிட்டியிலும் ஐ.சி.யூ.விலும் பல வருடம் இருந்தவள் என்பதால் நம் பக்கத்து நிலவரத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில், என்ன ஓபியாய்டு? பாடப்புத்தகம் ஹெராயினை வைத்துப் பேசும். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், ஹெராயின் எடுப்பவர்கள் 1.14 சதவீதம் என்றால், மருந்துக் கடையில் விற்கும் வலி மருந்துகளைப் போதைக்காக எடுப்பவர்கள் 0.96 சதவீதம். கிட்டத்தட்ட சரிசமம். வேலந்தாவளம், கோவிந்தாபுரம், வாளையார் என்று கேரள-தமிழக எல்லை நெடுக வாழும் நமக்குப் பழக்கமானது இந்த இரண்டாவது வகை. ட்ரமடால், டாபென்டடால் மாத்திரைகள், புப்ரெனார்ஃபின் ஊசி, கோடீன் கலந்த இருமல் சிரப். இதோடு இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: புற்றுநோய் வலிக்காக வீட்டிலேயே மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தோளில் ஃபென்டனில் பேட்ச் ஒட்டியிருப்பவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

எந்த மருந்து என்று தெரிவது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும். ட்ரமடால் வலிப்பைக் கொண்டுவரும், சர்க்கரையையும் இறக்கும். நாலோக்சோன் அந்த வலிப்பை நிறுத்தாது, அதற்கு லோராசெபாமோ டயஸெபாமோ வேண்டும். அதைக் கொடுத்தால் மூச்சு இன்னும் குறையும், அதனால் அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கையில் இல்லாமல் கொடுக்கக் கூடாது. புப்ரெனார்ஃபின் மூளையில் இருக்கும் ஏற்பிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும், வழக்கமான அளவு நாலோக்சோனுக்கு அசையாமல் இருக்கலாம். மெத்தடோன் ஒரு நாளுக்கும் மேல் உடம்பில் தங்கும், ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியையும் நீட்டும், அது நீண்டால் இதயத் துடிப்பின் தாளம் பிசகலாம். பேட்ச் ஒட்டியவர் என்றால் பேட்சை எடுத்து அந்த இடத்தைத் தண்ணீரால் துடைத்த பிறகும், தோலுக்கடியில் சேர்ந்திருக்கும் மருந்து பல மணி நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். முதுகு, தொடை, அக்குள் என்று உடம்பு முழுக்கத் திருப்பிப் பார்க்காமல் பேட்ச் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது நோயாளி உள்ளே வருகிறார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். புத்தகத்தில் மூன்று அடையாளம் சொல்லியிருப்பார்கள்: நினைவு மங்கல், குண்டூசி முனை அளவு கண்மணி, குறைந்த மூச்சு. இந்த மூன்றில் ஆளைக் கொல்வது மூச்சு மட்டும்தான். அதனால் கண்ணைத் திறந்து டார்ச் அடிப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பாருங்கள். ஒரு முழு நிமிடம், உங்கள் கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதெல்லாம் இங்கே உதவாது, இவர்களுடைய மூச்சு சீராக இருக்காது. நிமிடத்துக்குப் 12-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது. எட்டு, ஆறு என்றால் எண்ணி முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

தாடையை உயர்த்தி, வாயில் இருப்பதை சக்ஷன் கருவியால் உறிஞ்சி எடுத்து, அம்பு பேக்கால் ஆக்சிஜனோடு மூச்சு கொடுப்பது முதல் வேலை. நாலோக்சோன் ஆம்பியூலைத் தேடி ஓடுவது இரண்டாவது. இந்த வரிசை மாறிப்போவதைப் புது நர்சுகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். மருந்து கிடைக்க ஐந்து நிமிடம் ஆனாலும் பேக் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் உயிரோடு இருப்பார். ஆக்சிஜன் இல்லாமல் நீலம் பாரித்துக் கிடப்பவருக்கு மருந்தை மட்டும் வேகமாக ஏற்றினால், திடீரென்று எழும்பும் உடம்புக்கு இதயம் ஈடுகொடுக்க முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

அந்த நேரத்திலேயே இன்னொருவர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட வேண்டும். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் கையை விட்டுத் துழாவாதீர்கள், மூடியில்லாத ஊசி இருக்கலாம். துணியை வெட்டி எடுத்து, கிளவுஸ் போட்டுக்கொண்டு ட்ரேயில் கவிழ்த்துப் பாருங்கள். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே. அதை மறைத்து வைத்துக்கொண்டு ட்யூட்டி முடிப்பது வீரம் இல்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் பாதிப் பேர் விவசாயம். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வருபவருக்கும் கண்மணி குண்டூசி முனை மாதிரிதான் சுருங்கியிருக்கும், நினைவும் இருக்காது. கூட்டி வந்தவர்கள் எதையோ மறைக்கிறார்கள், மகன் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவன் என்று பக்கத்து வீட்டுக்காரர் காதில் ஓதிவிட்டுப் போகிறார். உடனே ஓபியாய்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்து என்றால் வாயில் எச்சில் வழியும், உடம்பு வியர்த்து நனைந்திருக்கும், நெஞ்சில் சளி கரகரக்கும், தசை துடிக்கும், மருந்து வாடை அடிக்கும். ஓபியாய்டில் உடம்பு பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும், வயிற்றில் குடல் சத்தம் குறைந்திருக்கும். முன்னதற்கு அட்ரோபின், பின்னதற்கு நாலோக்சோன். மூளைத் தண்டில் ரத்தக் கசிவு வந்தாலும் கண்மணி இப்படிச் சுருங்கும், அதனால் தலையில் அடி இருக்கிறதா என்று முடிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ட்ரமடால் எடுத்தவருக்கும், நெடுநேரம் மூச்சில்லாமல் கிடந்தவருக்கும் கண்மணி சுருங்காமலே இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சரி, நாலோக்சோனுக்கு வருவோம். நம்மிடம் வழக்கமாகக் கிடைப்பது ஒரு மில்லியில் 0.4 மி.கி. உள்ள ஆம்பியூல். அதை 9 மில்லி சலைனோடு கலந்து 10 மில்லி ஆக்கினால் ஒரு மில்லிக்கு 0.04 மி.கி. ஆகிறது. மூச்சு அடியோடு நின்றவருக்கு டாக்டர் 0.4-லிருந்து 2 மி.கி. வரைகூட நேரடியாகப் போடச் சொல்வார், அது வேறு கதை. மூச்சு கொஞ்சம் இருக்கிறது, நாள்பட்டு எடுத்துப் பழகியவர் என்றால் ஒவ்வொரு மில்லியாக, இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், மூச்சை எண்ணிக்கொண்டே ஏற்றுவதுதான் முறை. குறி அவரை எழுப்பி உட்கார வைப்பதில் இல்லை. மூச்சு 12-ஐத் தாண்டி, ஆழமாக வர வேண்டும். அவ்வளவுதான். அரைத் தூக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

ஒரே தள்ளாக முழு ஆம்பியூலையும் ஏற்றினால் என்ன நடக்கும்? பழகிய உடம்பில் விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய மருந்து திடீரென்று இல்லாமல் போவதால் வரும் அவதிகள், எல்லாம் ஒரே நிமிடத்தில் வரும். வாந்தி, வியர்வை, வயிற்றைப் பிடுங்கும் வலி, கோபம். பாதி மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். ட்ரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து இளஞ்சிவப்பு நுரை தள்ளும். அதனால் "சிஸ்டர், மொத்தமாகப் போட்டு எழுப்பிவிடுங்க" என்று சொந்தக்காரர் அவசரப்படுத்தினாலும் மெதுவாகத்தான். மொத்தம் 10 மி.கி. வரை போட்டும் அசைவில்லை என்றால் காரணம் வேறு ஏதோ, அல்லது கூட வேறு மருந்தும் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். நைட்ராசெபாம் மாதிரித் தூக்க மாத்திரையும் மதுவும் சேர்த்து எடுப்பது சகஜம். நாலோக்சோன் அவற்றைத் தொடாது.

அப்புறம் வருகிறது உங்கள் கேள்வியின் இதயம்: எழுந்துவிட்டார், இனி என்ன?

எழுந்தவுடன் அவர் சொல்லும் முதல் வாக்கியம் "எனக்கொண்ணுமில்லைங்க, வீட்டுக்குப் போறேன்" என்பதாகத்தான் இருக்கும். வீட்டாருக்கும் அதே அவசரம், ஊருக்குத் தெரிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இங்கே நர்சின் குரல்தான் மருந்து. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்ற ஆசை ஆஸ்பத்திரிக்கும் வரும். அப்போது நான் நோயாளியின் அம்மாவைத் தனியாக அழைத்து இப்படிச் சொல்வேன்: "ஏனுங்கம்மா, இப்பப் போட்ட ஊசி ஒரு மணி நேரத்துக்குத்தானுங்க நிக்கும். அவன் சாப்பிட்ட மாத்திரை ராத்திரி வரைக்கும் நிக்கும். போற வழியில பஸ்ஸுல தூங்கறான்னு நெனச்சுக்குவீங்க, மூச்சு நின்னிருக்கும்." இதைக் கேட்டபின் கிளம்புகிறேன் என்று நிற்கும் அம்மாவை நான் பார்த்ததில்லை. மிரட்டல் இல்லை இது, நடக்கக்கூடியதை நடக்கும் வரிசையில் சொல்வது.

மூச்சு மறுபடி இறங்கினால் நாலோக்சோனை ட்ரிப்பாக ஓட விடுவார்கள். கணக்கு எளிது: எழுப்பத் தேவைப்பட்ட மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு மணி நேரத்துக்கு. 0.6 மி.கி.யில் மூச்சு சீரானது என்றால் மணிக்கு 0.4 மி.கி. பத்து ஆம்பியூலை, அதாவது 4 மி.கி.யை, மொத்தம் 100 மில்லி வருகிற மாதிரி சலைனில் கலந்தால் மில்லிக்கு 0.04. அப்போது மணிக்கு 10 மில்லி ஓட வேண்டும். இதைக் கணக்குப் போடுவது கஷ்டம் இல்லை. பத்து ஆம்பியூல் எங்கே இருக்கிறது? அதுதான் கஷ்டம். கேஷுவாலிட்டி எமர்ஜென்சி ட்ரேயில் இரண்டு மூன்றுதான் இருக்கும். ஆகவே முதல் ஆம்பியூலை உடைக்கும்போதே ஃபார்மசிஸ்டுக்குப் போன் போக வேண்டும். உங்கள் கேஸ் ஸ்டடியில் ஃபார்மசிஸ்ட் பெயரைச் சும்மா பட்டியலில் போடாமல், இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். கலவை சரியா, காலாவதி தேதி என்ன, கூட எடுத்த மாத்திரையின் அட்டையைப் பார்த்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்வதும் அவர்தான்.

அந்த அட்டை ஏன் முக்கியம்? நம் பக்கம் அதிகம் புழங்கும் ஒரு வலி மாத்திரை வகையில் 37.5 மி.கி. ட்ரமடாலோடு 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கிறது. முப்பது மாத்திரை விழுங்கியவர் உள்ளே போட்டிருப்பது கிட்டத்தட்ட 10 கிராம் பாராசிட்டமால். ட்ரமடால் மயக்கம் இன்று தெளிந்துவிடும். ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும், அப்போது நாம் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியிருப்போம். அதனால் விழுங்கி நான்கு மணி நேரம் ஆனதும் பாராசிட்டமால் அளவுக்கு ரத்தம் போக வேண்டும். அந்தப் பரிசோதனை இங்கே இல்லை, வெளியே அனுப்பி முடிவு வர நேரமாகும் என்றால், காத்திராமல் பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்தான என்-அசிட்டைல் சிஸ்டீன் ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எத்தனை மணிக்கு விழுங்கினார் என்ற ஒரு விவரத்தை வீட்டாரிடமிருந்து வாங்கி எழுதி வைப்பது முழுக்க முழுக்க நர்சின் வேலை.

மானிட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் மாஸ்க் போட்டவருக்கு சாச்சுரேஷன் 98 காட்டிக்கொண்டே இருக்கும், மூச்சோ நிமிடத்துக்கு ஆறாக இறங்கியிருக்கும். ஆக்சிஜன் உள்ளே போவதை அந்த எண் சொல்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறதா என்பதைச் சொல்லாது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் முதல் மணி நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது போய் நெஞ்சைப் பார்த்து எண்ணி, தோளைத் தொட்டுக் கூப்பிட்டு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். குறட்டை விட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று ரிப்போர்ட்டில் எழுதப்பட்ட நோயாளிகள்தான் எனக்குப் பயம். மூச்சுக்குழாய் பாதி அடைபட்டிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். எண்ணிக்கை இறங்கினாலும், நாலோக்சோன் போட்டும் ஆழமில்லாமல் இருந்தாலும், மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே அழைப்பது நல்லது. குழாய் போட வேண்டிய நிலை வந்த பிறகு ஓடிப்போய்க் கூப்பிடுவது தாமதம்.

எழுந்த பிறகு உடம்பில் தேட வேண்டிய சேதங்களும் உண்டு. குளியலறையில் ஒரே பக்கமாக நாலைந்து மணி நேரம் விழுந்து கிடந்தவர் என்றால், அழுத்தத்தில் இருந்த கை அல்லது கால் வீங்கி இறுகியிருக்கும், விரலை நீட்டினால் கத்துவார், மரத்துப்போயிருக்கிறது என்பார். அது எலும்பு மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய விஷயம், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது இல்லை. சிறுநீர் கடுங்காபி நிறத்தில் வந்தால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். சி.கே. (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), பொட்டாசியம், கிரியேட்டினின் அனுப்ப வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுபவர்களுக்கு இன்னொரு வரிசை: சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று, ஹெபடைடிஸ் சி. காய்ச்சலோடு இதயத்தில் புது முணுமுணுப்பு கேட்டால் ரத்தக் கல்ச்சர் போக வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆலோசகரோடு பேசி, நோயாளி சம்மதித்த பிறகுதான்.

இனி போலீஸ். எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு) பதிவு செய்து தகவல் போவது நடைமுறை. வயிற்றைக் கழுவியிருந்தால் முதலில் வந்த நீர், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் பெயர், நேரம் எழுதி முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும், யாரிடம் கொடுத்தோம் என்ற கையெழுத்தோடு. ஆனால் வீட்டாருக்கு இங்கே பெரிய பயம் இருக்கிறது, அந்தப் பயத்தால்தான் எந்த மாத்திரை என்று சொல்லாமல் மறைக்கிறார்கள். இரண்டு சட்ட விவரம் தெரிந்திருந்தால் அவர்களைச் சமாதானப்படுத்தலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-ஆவது பிரிவு சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கும் போதைக்கு அடிமையானவருக்கு, பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. நாம் வக்கீல் இல்லை, வாக்குறுதி கொடுக்கக் கூடாது. "என்ன மாத்திரை என்று கேட்பது சிகிச்சைக்காக" என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னாலே பல வாய்கள் திறக்கும்.

இந்தக் கேள்வியை யார், எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பது நம் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. டாக்டர் கோட்டயத்திலிருந்தோ கண்ணூரிலிருந்தோ வந்தவர், மலையாளத்தில் வேகமாகக் கேட்கிறார். அம்மா தலையாட்டுகிறார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம் இல்லை. தமிழ் பேசும் நர்ஸ் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால் தாத்தாவுக்குப் புற்றுநோய், அவருடைய மாத்திரை அலமாரியில் இருந்தது என்ற செய்தி அப்போதுதான் வரும். மொழிபெயர்ப்புக்கு நோயாளியின் தங்கையையோ பத்து வயது மகனையோ பயன்படுத்தாதீர்கள். தற்கொலை எண்ணம் இருந்ததா என்று மகனை வைத்து அப்பாவிடம் கேட்க முடியுமா?

எல்லை என்பதால் இன்னொரு தொல்லை, இடமாற்றம். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். "அங்கே சொந்தக்காரர் இருக்காங்க, அங்கேயே போறோம்" என்பார்கள். சரி, போகட்டும். ஆனால் வாளையாரில் லாரி வரிசையில் மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நாலோக்சோனின் ஆயுள் அந்த வரிசையிலேயே முடிந்துவிடலாம். அதனால் ஆம்புலன்ஸில் ஒரு நர்ஸ், அம்பு பேக், சக்ஷன், வண்டி ஆடினாலும் பிடுங்காத நல்ல ஐ.வி. லைன், கையில் ஆம்பியூல்கள். கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, எவ்வளவு, அப்போது மூச்சு எத்தனை என்று மூன்று வரி பெரிய எழுத்தில் ஒரு தாளில். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், அந்தப் பக்கம் மலையாளம் படிக்க மாட்டார்கள். அங்கே எடுத்துக்கொள்ளும் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே போனில் பேசியிருக்க வேண்டும்.

மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் இருவரையும் பெரும்பாலான கேஸ் ஸ்டடிகள் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோயாளி தெளிந்த முதல் நாளே அவர்கள் வர வேண்டும், ஏனென்றால் விலகல் அறிகுறி தாங்காமல் பலர் இரண்டாம் நாள் ஓடிவிடுகிறார்கள். விலகல் உயிருக்கு அவ்வளவாக ஆபத்தில்லை என்று சொல்லி அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு காரணம். விலகலின் கடுமையை அளக்கும் கௌஸ் (COWS) என்ற அளவுகோலில் பதினோரு அம்சம் இருக்கிறது: நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சம், மூக்கொழுகல் இப்படி. அதை ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது போட்டு வையுங்கள். புப்ரெனார்ஃபின் சிகிச்சையை (போதைக்கு எடுக்கப்படும் அதே மருந்துதான், டாக்டர் அளவோடு கொடுத்தால் விலகலைத் தணிக்கும்) எப்போது ஆரம்பிக்கலாம் என்று மனநல மருத்துவர் முடிவு செய்வதே அந்த எண்ணை வைத்துத்தான். விலகல் போதிய அளவுக்கு வருமுன் கொடுத்தால் அதுவே விலகலை முடுக்கிவிடும். வேண்டுமென்றே எடுத்தாரா, அளவு தெரியாமல் எடுத்தாரா என்பதை நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடும் என்ற பயம் தேவையில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நான் விடாமல் சொல்லும் ஒரு விஷயம்: சில வாரம் நிறுத்தியிருந்துவிட்டு மறுபடி பழைய அளவை எடுத்தால் அதுதான் கொல்லும். உடம்பின் தாங்குதிறன் போயிருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள் இதனால்தான் ஆபத்தானவை. இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுப்ப முடியவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, மூச்சு பார்ப்பது, 108-ஐ அழைப்பது, தனியாக விட்டுவிட்டு ஆளைத் தேடிப் போகாமலிருப்பது, முகத்தில் தண்ணீர் அடித்தும் வாயில் மோர் ஊற்றியும் நேரத்தை வீணாக்காமலிருப்பது. அம்மாவைக் கட்டிலருகே நிறுத்தி ஒருக்களிக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேரள கலால் துறையின் விமுக்தி திட்டம் 2016 முதல் நடக்கிறது, மாவட்டந்தோறும் சிகிச்சை ஏற்பாடு உண்டு. மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446. தாளில் எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் வாளையார் தாண்டுவதற்குள் மறந்துவிடும். ஆஷா பணியாளரிடம் தகவல் தரலாமா என்று நோயாளியிடம் கேட்ட பிறகே தாருங்கள். சின்ன ஊர், ஒரு வார்த்தை தப்பினால் கல்யாணமே நின்றுபோகும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த மார்ஃபின் தாத்தா. கேரளத்தில் 2008-லேயே பாலியேட்டிவ் (தீராத நோயாளிகளின் வலி தணிப்பு) கொள்கை வந்துவிட்டதால், நம் பக்கத்தில் வீடுகளில் மார்ஃபின் இருப்பது புதிதல்ல, அது நல்ல விஷயமும்கூட. அப்படிப்பட்ட ஒருவர் மயங்கி வந்தால், தவறி அதிகம் சாப்பிட்டாரா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கி, அதே பழைய அளவே நஞ்சாகிவிடும். யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். அவருக்கு 0.4 மி.கி. நாலோக்சோனை ஒரே தள்ளில் ஏற்றினால், அடக்கி வைத்திருந்த அத்தனை வலியும் ஒரே நொடியில் திரும்பும். மூச்சு எட்டுக்கு மேல் இருந்து, கூப்பிட்டால் கண் திறக்கிறார் என்றால் அடுத்த டோஸை நிறுத்திவைத்துக் கவனித்தாலே போதும் என்பார்கள். மூச்சு அதற்கும் கீழே இறங்கி, எழுப்பவும் முடியவில்லை என்றால்தான் நாலோக்சோன், அதுவும் 0.02, 0.04 என்று துளித்துளியாக. பாலியேட்டிவ் நர்சுக்குப் போன் போடுங்கள், அவரிடம்தான் வீட்டு டோஸ் எழுதிய நோட்டு இருக்கும். மருந்தை அடியோடு நிறுத்திவிடாமல் அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ வலிக்கு வழி செய்வது டாக்டரும் பாலியேட்டிவ் குழுவும் சேர்ந்து எடுக்கும் முடிவு. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பூட்டி வைக்கச் சொல்வது, இறந்தபின் மீதியைத் திருப்பித் தரச் சொல்வது நம் வேலை. பேரன் கேஷுவாலிட்டிக்கு வருவது அந்த அலமாரியிலிருந்துதான்.

கேஸ் ஸ்டடியில் நர்சிங் டயக்னோசிஸ் வரிசை கேட்பார்கள். மூச்சுக் குறைவு முதலில், நுரையீரலுக்குள் வாந்தி போகும் அபாயம் இரண்டாவது, மறுபடி மயக்கத்தில் ஆழும் அபாயம் மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். அதற்குக் கீழே விலகல் அவதி, தற்கொலை அபாயம், குடும்பத்தின் அறியாமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் துறை என்று மட்டும் போடாமல், எந்த எண்ணைப் பார்த்து, எத்தனை மணிக்கு அவரைக் கூப்பிட்டீர்கள் என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். வைவாவில் எக்ஸாமினர் கேட்கப்போவது அந்த நெடுவரிசையிலிருந்துதான்.